மோசம் என்று எழுதிய வீடு

வீட்டுக் கணக்கெடுப்பில் நாம் கேட்கும் கேள்விகளில் ஒன்றை மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்கக் கூடாது. கட்டடத்தின் நிலை நன்றா, சுமாரா, மோசமா என்பதுதான் அது. வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை தனியா பொதுவா என்பதற்கெல்லாம் அவர்கள் சொல்வதைத்தான் பதிய வேண்டும். இதை மட்டும் நம் கண்ணால் பார்த்து நாமே முடிவு செய்து போட வேண்டும். பயிற்சி வகுப்பில் நாலு படங்களைக் காட்டி இதைக் கடந்துவிடுவார்கள்.

உங்களில் பலர் அடுத்த வாரம் களத்துக்குப் போகிறீர்கள். டேப்லெட்டைக் கையாள்வது எப்படி, எந்தக் கேள்வியை எப்போது தாண்டலாம் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால் அதை விட்டுவிடுகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சுற்றில், தூத்துக்குடியில், அந்த ஒரு கேள்வியால் நேர்ந்ததைச் சொல்கிறேன்.

தேசிய அளவில் வீட்டு வசதி பற்றிய மாதிரிக் கணக்கெடுப்பு அது. எந்த வீடு என்பதைக் கணினி தேர்ந்தெடுக்கும். தேர்வான ஒரு வீடு நாட்டில் அதைப் போன்ற ஆயிரக்கணக்கான வீடுகளுக்காகப் பேசும். அந்த எண்களை வைத்துத்தான் எங்கே வீடு கட்டுவது, எதை இடிப்பது, எதைப் பழுது பார்ப்பது என்று மேலே முடிவெடுப்பார்கள். அந்தச் சுற்றில் எனக்கும் இசக்கிமுத்துவுக்கும் கிடைத்த பகுதிகளில் ஒன்று, கடலை ஒட்டி மீனவர்களுக்காகக் கட்டிய மாடிக் குடியிருப்பு. இசக்கி ஒப்பந்தத்தில் சேர்ந்த கள ஆய்வாளர். முப்பது வயதைத் தாண்டியவர், இரண்டு குழந்தைகளின் தகப்பன். வேகமாக வேலை செய்வார், வேகமாகப் பேசுவார். நான் அவருக்கு மேற்பார்வையாளர்.

அந்தக் குடியிருப்பில் நாங்கள் போவதற்கு முன்பே ஒரு வதந்தி போயிருந்தது. கட்டடங்கள் பழுது என்று சொல்லி எல்லோரையும் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், கடலை விட்டு வெகு தூரத்தில் கட்டியிருக்கும் குடியிருப்புக்கு மாற்றப் போகிறார்களாம். காலி செய்த இடம் வேறு யாருக்கோ போகப் போகிறதாம். வள்ளத்தில் போகிற ஆணுக்கும் ஏலக்கூடத்தில் மீன் எடுத்துத் தெருவில் விற்கிற பெண்ணுக்கும் கடலை விட்டுத் தள்ளிப் போவது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஊர்க் கமிட்டியில் இருந்த தஸ்நேவிஸ் எங்களை முதல் நாளே வாசலில் நிறுத்திவிட்டார். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்து இறுகிய உடம்பு. சத்தம் போட்டுப் பேசவில்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

"டீச்சரு, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நீங்க எழுதிட்டுப் போறத வச்சி எங்கள இங்கனருந்து எழுப்பிருவாவளா?"

வீடு வீடாகப் போகிற பெண் என்றால் அந்தப் பக்கத்தில் டீச்சர்தான். நான் திருத்தவில்லை.

"யாரு வீடு, என்ன பேருன்னு வெளிய போகாது அண்ணாச்சி. அது சட்டம். ஆனா மொத்தமா வர்ற எண்ணப் பாத்து மேல என்ன முடிவெடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாதத தெரியும்னு சொல்ல மாட்டேன்."

அவர் வழியை விட்டார். நம்பி விடவில்லை, விட்டுப் பார்ப்போம் என்று விட்டார். அந்த வித்தியாசத்தை மறுநாள் முழுக்க அனுபவித்தேன்.

மறுநாள் காலை நான் ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போனேன். நடுவில் மாடிப்படி, இரு பக்கமும் ஒவ்வொரு வீடு, இரண்டு மாடி, ஆக ஆறு வீடுகள் கொண்ட சிறிய கட்டடம். முதல் மாடியில் வலது பக்கம் அவள் வீடு. கணவன் விசைப்படகில், பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கு கடலுக்குப் போயிருந்தான். வீட்டில் அவளும், பக்கவாதம் வந்து கட்டிலில் கிடந்த மாமனாரும் மட்டும். மீன் விற்கப் போக வேண்டியவள் எனக்காகக் காத்திருந்தாள். எல்லாக் கேள்விக்கும் ஒரே மூச்சில் பதில் சொன்னாள். நான் கேட்காததற்கும் சொன்னாள்.

"வீடு நல்லாருக்கு. ஒரு கொறையும் இல்ல. மழைக்கு ஒழுகாது. நல்லாருக்குன்னு போட்டுக்கிடுங்க."

நான் எழுந்து சுவர்களைப் பார்த்தேன். பழைய வெடிப்புகளில் பட்டி வைத்துச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சமையலறைக் கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தது. உப்புக் காற்று தின்ற கட்டடம். அந்தக் கரையில் பாதிக் கட்டடங்கள் அப்படித்தான் நிற்கின்றன. நான் எதை அழுத்தப் போகிறேன் என்பதை அவள் என் விரலைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"யக்கா, மோசம்னு போட்டுறாதீய. ஒங்களுக்கு என்ன, ஒரு அமுக்கு. எங்களுக்கு அது வாழ்க்கை."

இந்த இடத்தில் நம்மில் பலர் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியும். 'சரிம்மா, நல்லாருக்குன்னே போடுறேன்' என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து மோசம் என்று போடுவோம். அவளுக்குத் தெரியப் போவதில்லை. சண்டையும் இல்லை. அன்று எனக்கும் அது எளிதாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மோசம்னுதான் போடுறேன் ஸ்டெல்லா. ஒம் முன்னாலயே போடுறேன். நீ நல்லாருக்குன்னு சொன்ன, நான் கண்ணால பாத்தது வேற. ஒம் பேரு இதோட போகாது. ஆனா வேற மாதிரி போட என்னால முடியாது."

அவள் முகம் கறுத்துவிட்டது. "சரி, முடிச்சிட்டுக் கெளம்புங்க" என்று சொல்லிவிட்டு மாமனாருக்குத் தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். கடைசியாகக் குளியலறையைப் பார்க்க வேண்டியிருந்தது. கதவைச் சாத்திப் பார்த்தேன். முடியவில்லை. மேல் சட்டம் கீழே இறங்கிக் கதவின் மூலையில் இடித்தது.

"இது எப்பவும் இப்படித்தானா?"

"இல்ல. நேத்து ராத்திரி நல்லா அடைச்சிச்சி. காலைல எந்திச்சிப் பாத்தா அடைய மாட்டேங்கு. மரம் ஊறியிருக்கும்."

அது மரக்கதவு இல்லை, பிளாஸ்டிக் கதவு. அவள் அதை யோசிக்கவில்லை. அல்லது யோசிக்க விரும்பவில்லை.

நான் கதவுக்கு மேலே பார்த்தேன். மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பு. பழைய வெடிப்பில் ஒட்டடை இருக்கும், புகை ஏறியிருக்கும், பெயின்ட் இறங்கியிருக்கும். இதற்குள் ஒன்றும் இல்லை. அப்போதுதான் உடைத்த பிஸ்கட் மாதிரி வெள்ளையாக இருந்தது. கீழே தரையில் கொஞ்சம் பொடி. காலையில் ஸ்டெல்லா கூட்டித் தள்ளிய தடம் தெரிந்தது. அதன்மேல் மறுபடியும் பொடி விழுந்திருந்தது.

கீழே இறங்கி வந்து அந்தப் பக்கத்து மூலைத் தூணைத் தேடினேன். வலைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். வலையை விலக்கிப் பார்த்தால், தூணின் மேல்பூச்சு முழுக்க விலகி, உள்ளே இருந்த கம்பிகள் வெளியே வில்லாக வளைந்திருந்தன. பக்கத்துக் கட்டடத்தில் வேலையாக இருந்த இசக்கியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"மேடம், இது நிக்காது."

நாங்கள் எஞ்சினியர்கள் இல்லை. இதைத் திரும்பத் திரும்ப எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆயிரம் வீடுகளின் சுவரைப் பார்த்தவள் என்பதற்காக ஒரு கட்டடம் எப்போது விழும் என்று எனக்குத் தெரிந்துவிடாது. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன்.

"கட்டடம் விழுந்துட்டாம்மா?"

"இல்ல. விழப்போற மாதிரி இருக்கு."

"யாரு சொன்னா?"

"நான்தான் பாத்தேன். சர்வேக்கு வந்திருக்கேன்."

கொஞ்சம் தயங்கினார்கள். வண்டி புறப்படும், வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும் என்றார்கள். அடுத்து எங்கள் அதிகாரியைக் கூப்பிட்டேன். அவரைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். அவர் சொன்னதில் ஒன்றைக்கூடத் தவறு என்று என்னால் தள்ள முடியவில்லை.

"நீங்க சொல்லி, ஒண்ணும் ஆகலைன்னா? சர்வேக்காரங்க வந்து காலி பண்ணச் சொன்னாங்கன்னு ஒரு வீடியோ போட்டாப் போதும். கன்னியாகுமரி வரைக்கும் கடற்கரையில ஒரு கதவு நமக்குத் திறக்காது. பாக்குறதுதான் நம்ம வேலை. சொல்ல வேண்டியவங்களுக்கு நான் பேசுறேன். நீங்க ரெண்டு பேரும் அங்கிருந்து வெளிய வந்துருங்க."

"நாங்க வந்துரலாம் சார். அவங்க?"

"நான் உங்களுக்கு உத்தரவு எதுவும் போடலைம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். என்னைத் தடுக்காமல் விட்டதுதான் அவரால் அன்று செய்ய முடிந்த உதவி என்று பிற்பாடு புரிந்தது.

தஸ்நேவிஸுக்கு ஆள் அனுப்பினேன். வந்தார், கூடவே ஏழெட்டு ஆண்களும். நான் தூணைக் காட்டினேன். கதவைப் பற்றிச் சொன்னேன். இந்தக் கட்டடத்தில் இருக்கிறவர்களை மட்டும் உடனே வெளியே வரச் சொல்லுங்கள், தீயணைப்பு வண்டி வருகிறது, அவர்கள் பார்த்துச் சொல்லட்டும் என்றேன்.

அவர் தூணைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நேத்து தெரியாதுன்னு சொன்னீய. இன்னைக்கி வெளிய போங்கீய. ஒரே ராத்திரில எல்லாம் தெரிஞ்சிட்டோ?"

"அண்ணாச்சி, நான் சொல்றது..."

"நீங்க எஞ்சினியரா?"

"இல்ல."

"பொறவு? இந்தத் தூணு ரெண்டு வருசமா இப்படித்தான் நிக்கி. நாங்க வெளிய வருவோம். ஒடனே ஆபீசருமாரு வருவாவ, கேட்டப் பூட்டி சீல் வப்பாவ. பொறவு லாரில ஏத்தி அங்கன கொண்டு தள்ளுவாவ. இதுக்குத்தான வந்தீய?"

கூட்டத்தில் ஒருவன் போனைத் தூக்கி என்னைப் படமெடுக்க ஆரம்பித்தான். மேலே ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. இரண்டாம் மாடியில் ஒரு பெண் துணி காயப் போட்டுக்கொண்டே கீழே எட்டிப் பார்த்தாள். நான் பேசிக்கொண்டே இருந்தேன். சாமானை எடுக்க வேண்டாம், உங்கள் பூட்டைப் போட்டு உங்கள் சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். திரும்பி வரலாம் என்று எழுதிக் கொடுப்பியா என்று ஒருவன் கேட்டான். அந்த அதிகாரம் எனக்கில்லை என்றேன். அந்த உண்மையைச் சொன்னதும் இன்னும் இரைச்சலானது.

அப்போது சுவருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. காய்ந்த மட்டையைக் காலால் மிதித்த மாதிரி. இரைச்சலில் அவர்கள் யாருக்கும் கேட்கவில்லை. எனக்கும் இசக்கிக்கும் கேட்டது. இசக்கி என் காதருகே குனிந்தார்.

"மேடம், சிலிண்டர் லீக்குன்னு சொல்லிருவோம். ரெண்டு நிமிசத்துல எல்லாரும் வெளிய வந்துருவாங்க."

"வேண்டாம் இசக்கி. பொய்னு தெரிஞ்சா அப்புறம் நாம என்ன சொன்னாலும் எடுபடாது. வண்டி வரட்டும்."

"வண்டி வர்றதுக்குள்ள?"

நான் மறுபடியும் தஸ்நேவிஸின் பக்கம் திரும்பினேன். இசக்கி என் பின்னாலிருந்து நகர்ந்தது தெரியவில்லை. மாடிப்படியின் அடியிலிருந்து அவர் குரல் வந்தது.

"சிலிண்டர் லீக்காவுது! எல்லாரும் வெளிய ஓடியாங்க! அடுப்பப் பத்த வைக்காதீங்க!"

ஒரு கணம் எல்லாம் நின்றது. அடுத்த கணம் கதவுகள் திறந்தன. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அந்த மாடிப்படி அத்தனை பேரின் ஓட்டத்தைத் தாங்குமா? தாங்கியது. ஆனால் ஸ்டெல்லா வரவில்லை. முதல் மாடியிலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "மாமாவத் தூக்கணும்! யாராவது வாங்க!"

இசக்கி ஏற்கெனவே படியில் ஏறிவிட்டிருந்தார். தஸ்நேவிஸும் ஏறினார். நானும் பின்னால் போனேன். துணிச்சல் என்று நினைக்காதீர்கள். உண்மை தெரிந்தவள் நான் ஒருத்தி கீழே நிற்கும்போது, தெரியாத ஒருவர் மேலே போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பெரியவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இசக்கியும் தஸ்நேவிஸும் தூக்கினார்கள். நான் அவர் தலையைச் சாயாமல் பிடித்துக்கொண்டேன். படி திரும்பும் இடத்தில் நாற்காலி சிக்கியது. தஸ்நேவிஸ் ஒரு அதட்டு அதட்டி, அதைத் தலைக்கு மேல் தூக்கித் திருப்பினார். வெளியே வந்து மணலில் இறக்கி வைத்த பிறகுதான் அவர் மூச்சு விட்டார்.

"எந்த வீட்டு சிலிண்டரு?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தஸ்நேவிஸ் இசக்கியிடம் திரும்பினார்.

"ஏலே, ஒங்கிட்டத்தான் கேக்கேன். எந்த வீட்டு சிலிண்டரு?"

"எந்த வீடும் இல்ல அண்ணாச்சி. நாந்தான் சும்மா கத்துனேன். நீங்க எறங்கணும்ல."

தஸ்நேவிஸ் கை ஓங்கி விட்ட அறையின் சத்தம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. இசக்கி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், திருப்பி ஒன்றும் செய்யவில்லை. ஆண்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் என் கையிலிருந்த டேப்லெட்டைப் பிடித்து இழுத்தான்.

"இதுல எழுதுனதையெல்லாம் அழிச்சிட்டுப் போ."

நான் அதை மார்போடு அணைத்துக்கொண்டேன். "இதுல ஒங்க வீட்டுக் கத மட்டும் இல்ல தம்பி. பக்கத்து வீட்டுக்காரங்க, அடுத்த தெருக்காரங்க எங்கிட்ட நம்பிச் சொன்னதெல்லாம் இருக்கு. அத ஒங்கிட்டயும் தர முடியாது. என்ன வேணும்னா இங்கனயே உக்கார வச்சிக்கோ. இதத் தர மாட்டேன்."

இதற்குள் பெண்கள் திரும்பிப் போக ஆரம்பித்திருந்தார்கள். ஒருத்தி அடுப்பில் சோறு இருக்கிறது என்றாள். இன்னொருத்தி இந்தப் பித்தலாட்டக்காரர்களுக்குப் பயந்து வெயிலில் நிற்பதா என்று திட்டிக்கொண்டே நடந்தாள். நான் கத்தினேன். "கட்டடம் நெசமாவே சரியில்ல, போகாதீங்க!" ஒரு தலைகூடத் திரும்பவில்லை. பொய்க்கு ஓடி வந்தவர்கள் உண்மைக்கு நிற்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தைப் போல் என் பணிக்காலத்தில் நான் எப்போதும் கையாலாகாதவளாக நின்றதில்லை.

அப்போது ஸ்டெல்லா போய் மாடிப்படியின் வாசலில் குறுக்கே நின்றாள். இரண்டு கையையும் இரண்டு பக்கச் சுவரிலும் ஊன்றிக்கொண்டாள்.

"யாரும் ஏறாதீய."

"ஏளா, ஒனக்கு என்ன கோட்டி பிடிச்சிட்டா? தள்ளு" என்றாள் ஒருத்தி.

"அந்தத் தம்பி சொன்னது பொய். இந்த அக்கா சொல்லுதது பொய்யில்ல. காலைல எம் மூஞ்சிக்கு நேரா எம் வீட்ட மோசம்னு எழுதுனாவ. நான் கெஞ்சுனேன். நல்லாருக்குன்னு எழுதுதேன்னு வாயால சொல்லியிருந்தாகூட எனக்குத் தெரியவா போவுது? சொல்லல. எனக்குந்தான் போக எடமில்ல. எனக்குந்தான் ஏவாரம் இங்கன இருக்கு. ஆனா எங்கூட்டுக் குளியலறக் கதவு அடைய மாட்டேங்கு. நேத்து அடைச்ச கதவு."

பிறகு தஸ்நேவிஸைப் பார்த்துச் சொன்னாள். "மச்சான், நீங்களே போயி அடைச்சிப் பாருங்க."

தஸ்நேவிஸ் அவளை விலக்கிக்கொண்டு மேலே போனார். போக வேண்டாம் என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கூட்டம் அமைதியாகிவிட்டது. கடல் பக்கமிருந்து காற்று மட்டும் வீசியது. மேலே ஒரு கதவு மோதும் சத்தம் கேட்டது. மறுபடியும் மோதும் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. ஸ்டெல்லா மறுபடியும் சுவரில் ஊன்றிய கையை எடுக்கவே இல்லை.

அவர் இறங்கி வந்தபோது ஓடித்தான் வந்தார். தலையிலும் தோளிலும் வெள்ளைப் பொடி. எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்த வேகத்தில் ஸ்டெல்லாவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்.

"எல்லாரும் அங்கிட்டுத் தள்ளிப் போங்க! பிள்ளைகளப் பிடிங்க! ஒரு பய உள்ள போகக் கூடாது! மாதா மேல ஆணையாச் சொல்லுதேன்!"

அவர் குரலுக்கு எல்லோரும் நகர்ந்தார்கள். என் குரலுக்கோ இசக்கியின் குரலுக்கோ அன்று அப்படி ஒரு எடை கிடைத்திருக்காது. தீயணைப்பு வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கிய அதிகாரி தூணை ஒரே ஒரு முறை பார்த்தார், கயிறு கட்டச் சொன்னார். பக்கத்துக் கட்டடத்தில் இருந்தவர்களையும் வெளியே கொண்டுவந்தார்கள். வெயில் ஏறியது. பிள்ளைகள் அழுதன. விழுமா விழாதா என்று நின்றவர்களில் சிலர் மறுபடியும் என்னை முறைக்கத் தொடங்கினார்கள். விழக் கூடாது என்று ஒரு மனம் வேண்டியது. விழாவிட்டால் இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று இன்னொரு மனம் பதறியது. அந்த இரண்டாவது எண்ணம் வந்ததற்கு என்னையே வெறுத்தேன்.

பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. வலது பக்கத்து மூலை முழங்காலை மடக்குவது போல இறங்கியது. அதன்மேல் ஸ்டெல்லாவின் வீடு, அதன்மேல் துணி காயப் போட்ட பெண்ணின் வீடு. தூசி எழுந்து கடலை மறைத்தது. தஸ்நேவிஸ் ஒவ்வொரு குடும்பமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக, இருக்கிறேன் என்று குரல் கொடுத்தார்கள். எல்லோரும் இருந்தார்கள். ஸ்டெல்லாவின் மாமனார் பேச முடியாதவர். அவர் பேர் வந்தபோது அவள் அவர் கையைத் தூக்கிக் காட்டினாள்.

பக்கத்து மாதா கோயிலின் பள்ளிக்கூட மண்டபத்தில் அவர்களைத் தங்க வைத்தார்கள். சாயங்காலம் அங்கே போனேன். எனக்கு யாரும் நன்றி சொல்லவில்லை, நான் எதிர்பார்த்துப் போகவும் இல்லை. தஸ்நேவிஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். இசக்கியைப் பார்த்ததும் கையை நீட்டி அவர் தோளைத் தொட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்து நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதிகாரிகள் வந்தார்கள். மற்றக் கட்டடங்களையும் சோதித்தார்கள். எதுவும் குடியிருக்கத் தகுதியில்லை என்றார்கள். சில மாதங்களில் எல்லோரையும் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். லாரியில்தான் கொண்டுபோனார்கள். என் கணக்கெடுப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை, எங்கள் எண்கள் அப்போது இன்னும் தொகுக்கப்படவே இல்லை. அதை நான் யாரிடம் போய் விளக்குவது? சாமான் ஏற்றிய அன்று போயிருந்தேன். தஸ்நேவிஸ் லாரிக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் சொன்னார்.

"டீச்சரு, நீங்க சொன்னதும் நெசம். நாங்க பயந்ததும் நெசம்."

ஸ்டெல்லா இப்போது விடிவதற்கு முன்பே பஸ் ஏறி ஏலக்கூடத்துக்கு வருகிறாள். சில நாள் பஸ்ஸைத் தவறவிட்டால் நல்ல மீன் கிடைப்பதில்லை. வீடு நன்றாக இருக்கிறதாம். கதவெல்லாம் அடைகிறதாம். இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இனி இசக்கி. நடந்ததைப் பற்றி அறிக்கை எழுத வேண்டியிருந்தது. பொய் எச்சரிக்கை கொடுத்தார்கள் என்று அந்த வீடியோ ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் அதிகாரி மெதுவாகச் சொன்னார். "யாரு கத்தினாங்கன்னு குறிப்பா எழுதணும்னு இல்லம்மா. கூட்டத்துல யாரோன்னு விட்டுரலாம்." அவருக்கும் இசக்கியைப் பிடிக்கும். நான் இசக்கியிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "எழுதுங்க மேடம். நாந்தான கத்துனேன்" என்றார். நான் எழுதினேன். அவர் என்ன கத்தினார், நான் வேண்டாம் என்று சொன்னது, அவர் கத்தியதால் எத்தனை குடும்பம் வெளியே வந்தது, அவர் முதல் ஆளாக மேலே ஓடியது, அறை வாங்கியது எல்லாவற்றையும் எழுதினேன். அடுத்த சுற்றில் அவருக்கு ஒப்பந்தம் வரவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை.

இப்போது அவர் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் கப்பல் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் இருக்கிறார். இங்கே உங்களிடம் பேச வருவதற்கு முன், போன மாதம், அவரைப் போய்ப் பார்த்தேன். அவர் கதையை உங்களிடம் சொல்லலாமா என்று கேட்கத்தான் போனேன். தாராளமாகச் சொல்லுங்கள் என்றார். வெளியே டீக்கடையில் நின்றோம்.

"ஒண்ணு மட்டும் சொல்லிருங்க மேடம். அதே மாதிரி இன்னொரு நாள் வந்தா நான் திரும்பவும் கத்துவேன்."

"நானும் திரும்பவும் எழுதுவேன் இசக்கி."

"தெரியும்" என்று சிரித்தார். பிறகு டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்பவர் போலக் கேட்டார்.

"அன்னைக்கி நான் கத்தலைன்னா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க மேடம்?"

எனக்கு நல்ல பதில் ஒன்று சொல்ல ஆசையாக இருந்தது. இத்தனை வருடத்தில் ஒன்றை யோசித்தும் வைத்திருக்கலாம்.

"பேசிக்கிட்டே இருந்திருப்பேன்" என்றேன்.

அவர், கண்டெய்னர் லாரி ஒன்று எங்களைக் கடந்து துறைமுகத்துக்குள் போகும்வரை காத்திருந்தார். பிறகு என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, "வாங்க மேடம், பஸ் ஏத்தி விடுதேன்" என்றார்.